இசப்கோலா, திரிபலாவா, நிலாவாரையா: மலச்சிக்கலுக்கு எதை எடுத்தால் வயிறு படுத்தாது?

மலச்சிக்கல் என்று வாய்விட்டுச் சொல்லி மருந்து கேட்பவர்கள் குறைவு. கடையில் கூட்டம் குறையும் வரை ஷாம்பு பாக்கெட் சரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், அப்புறம் கவுண்டர் பக்கம் சாய்ந்து மெதுவாக, "தம்பி, வயிறு சுத்தமாகுற மாதிரி நல்ல மூலிகைப் பொடியா ஒண்ணு குடுங்க, இங்கிலீஷ் மருந்து வேண்டாம், அதுல சைடு எஃபெக்ட் இருக்கும்" என்பார்கள். கொஞ்ச நாள் கழித்து அவர்களே திரும்பி வந்து, வயிறு முறுக்குகிறது, உப்பிக்கொள்கிறது, போனால் தண்ணீராகப் போகிறது, நிறுத்தினால் மூன்று நாளாகப் போகவே இல்லை என்று ஆளுக்கொரு புகார் சொல்வார்கள். மூலிகைக்குப் பக்கவிளைவு கிடையாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. வயிற்றுக்குள் போய் ஒரு வேலையைச் செய்யும் எதற்கும் பக்கவிளைவு உண்டு, வேலையே செய்யாத பொருளுக்குத்தான் அது இருக்காது.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு மெடிக்கலில் இருக்கிறேன். பார்மசி படித்தவன், டாக்டர் இல்லை. இதே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்வதால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. முக்கியமாக மூன்றை ஒப்பிடுகிறேன்: இசப்கோல் (ஒரு விதையின் உமி), திரிபலா (மூன்று காய்களின் பொடி), நிலாவாரை (சென்னா இலை). விளக்கெண்ணெய், கற்றாழை இரண்டையும் போகிற போக்கில் தொட்டுவிட்டு, இங்கிலீஷ் மருந்தில் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன், ஏனென்றால் சிலர் வயிற்றுக்கு அதுதான் சாது.

வாங்குவதற்கு முன்னால் இரண்டு விஷயம். ஒன்று, தினமும் காலையில் போயே ஆக வேண்டும் என்று உடம்பில் எந்தச் சட்டமும் இல்லை. நாளைக்கு மூன்று தடவையிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை வரை எல்லாமே சாதாரணம்தான், கஷ்டமில்லாமல், முக்காமல் போகிற வரைக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சுகமாகப் போகிற ஆள் தினமும் போக வேண்டுமென்று பொடி சாப்பிட ஆரம்பித்தால் இல்லாத வியாதிக்கு மருந்து சாப்பிட்டு இருக்கிற வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார் என்றுதான் அர்த்தம். இரண்டு, நீங்கள் வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம், அலுமினியம் கலந்த ஆன்டாசிட், டிரமடால் மாதிரி வலி மாத்திரை, வெரபமில் போன்ற சில பிரஷர் மாத்திரைகள், தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரை, இவை எல்லாம் குடலை மந்தமாக்கும். தைராய்டு குறைவாக இருந்தாலும் மலச்சிக்கல் வரும். காரணம் மாத்திரை அட்டையிலோ ரத்தப் பரிசோதனையிலோ இருக்கும்போது மூலிகைக் கடையில் போய்த் தேடிப் பயனில்லை.

சரி, மூன்றுக்கும் வருவோம். இவை மூன்றையும் ஒரே அலமாரியில் அடுக்கி வைத்திருப்பதால் எல்லாம் ஒரே சங்கதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இசப்கோல் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தின் அளவைக் கூட்டுகிறது, குடலை அது ஒன்றும் செய்வதில்லை. நிலாவாரை குடலையே பிடித்து உலுக்குகிறது. திரிபலா இரண்டுக்கும் நடுவில், மெதுவாக. எந்தத் தொந்தரவு வரும் என்பதும் இதை வைத்தேதான், முதலாவதில் உப்பசம், இரண்டாவதில் முறுக்கு, மூன்றாவதில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்.

இசப்கோல்

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கி மேஜை மேல் வைத்துவிட்டு அப்படியே பாருங்கள். முதல் நிமிடம் வெள்ளைத் துகள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் ஓரங்கள் கரைந்தது போல் மங்கி, ஐந்து நிமிடம் கழித்து டம்ளரைச் சாய்த்தால் தண்ணீர் ஓடாமல் கொழகொழவென்று ஒரே கட்டியாக நகரும். இதே காரியம்தான் வயிற்றுக்குள் நடக்கிறது, நடக்க வேண்டும், ஆனால் தண்ணீர் நீங்கள் கொடுத்தால்தான். கலக்கியவுடன் குடிக்க வேண்டும், மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், குடித்துவிட்டு உடனே படுக்கக் கூடாது. பொடியை வாயில் கொட்டி இரண்டு மடக்குத் தண்ணீரில் முழுங்குபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும், தொண்டையிலோ உணவுக்குழாயிலோ அது ஊதி நின்றுவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். அமெரிக்காவில் இந்த மாதிரித் தண்ணீர் உறிஞ்சும் மலமிளக்கிகளின் அட்டையிலேயே மூச்சடைப்பு எச்சரிக்கை போட வேண்டும் என்பது சட்டம். நம் டப்பாக்களில் அது பொடி எழுத்தில் எங்கேயாவது ஒளிந்திருக்கும்.

இதன் பெரிய புகார் உப்பசம். "வயிறு டம்மென்று இருக்கிறது, காற்று பிரிந்துகொண்டே இருக்கிறது" என்று முதல் வாரத்தில் சொல்லாதவர்கள் குறைவு. இதில் வேடிக்கை, நார்ச்சத்துகளில் பார்த்தால் இசப்கோல் குடலில் புளிப்பது குறைவுதான், இன்யூலின் மாதிரி நார்கள் இதைவிட நிறையக் காற்றை உண்டாக்கும். அப்படியானால் ஏன் உப்புகிறது? பெரும்பாலும் இரண்டு காரணம். முதல் நாளே மூன்று ஸ்பூன் போட்டுக் குடிப்பது ஒன்று. ஒரு ஸ்பூனில் ஆரம்பித்து, ஒரு வாரம் பத்து நாளில் மெதுவாக ஏற்றினால் குடல் பழகிக்கொள்ளும். இன்னொன்று பால். இசப்கோலை வெதுவெதுப்பான பாலில்தான் குடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லி, அதை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்களில் நிறையப் பேருக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் சரியாகச் செரிக்காது. ராத்திரி பெரிய டம்ளர் பாலைக் குடித்துவிட்டு வரும் காற்றுக்கு இசப்கோல் பழி சுமக்கிறது. தண்ணீரில் மாற்றிக் குடித்துப் பாருங்கள் என்று சொல்லியனுப்பியவர்களில் சிலர் அதற்கப்புறம் அந்தப் புகாரோடு வரவே இல்லை.

உடனே வேலை செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். 12 மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை ஆகலாம். இன்று ராத்திரி குடித்துவிட்டு நாளைக் காலை ஒன்றும் நடக்கவில்லை, இது வேஸ்ட் என்று விட்டுவிடுபவர்கள்தான் அடுத்து நிலாவாரைப் பொடிக்குப் போகிறார்கள்.

வேறு மாத்திரைகளோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது, அந்தக் கொழகொழப்பில் மாத்திரையும் மாட்டிக்கொண்டு உடம்பில் சேராமல் போகும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், தைராய்டு மாத்திரைக்கு இன்னும் தள்ளியே இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர்கள் ஆரஞ்சு வாசனை போட்டதை எடுக்குமுன் அதில் சர்க்கரை சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் இது நல்லதே செய்கிறது, ஒரு நாளைக்கு 7 கிராம் கரையும் நார் இதிலிருந்து கிடைத்தால் இதய நோய் அபாயம் குறையலாம் என்று டப்பாவில் போட்டுக்கொள்ள அமெரிக்க மருந்துத் துறை 1998லேயே அனுமதி கொடுத்திருக்கிறது.

யாருக்கு ஆகாது என்றால், விழுங்கச் சிரமப்படுபவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், குடலில் எங்கேயாவது சுருக்கம் இருப்பவர்கள், மலம் கல்லாக இறுகி அடைத்துக்கொண்டிருப்பவர்கள், மார்பின் போன்ற வலி மருந்தில் இருப்பவர்கள். அப்புறம், பாத்ரூமுக்கு அடிக்கடி எழுந்திருக்க வேண்டுமே என்று தண்ணீரே குடிக்காத வயதானவர்கள். என் அனுபவத்தில் வீட்டில் இந்தக் கடைசி வகைக்குத்தான் பிள்ளைகள் ஆசையாக இசப்கோல் வாங்கிக் கொடுக்கிறார்கள், அவர்களுக்குத்தான் அது இருக்கிற மலத்தையும் சேர்த்து அடைக்கிறது.

நிலாவாரை

இது எங்கள் பக்கத்துச் சரக்கு. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் விளைந்து, இலையைக் காய வைத்து மூட்டை கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள், உலகச் சந்தையில் இதை டின்னவேலி சென்னா என்றே சொல்வார்கள். சித்தாவில் நிலவாகைச் சூரணம், ஆங்கில மருந்துக்கடையில் சென்னோசைடு மாத்திரை, பெரிய ஸ்டோர்களில் உடல் இளைக்க வைக்கும் டீ, எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது இதே இலைதான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது. ஆகவே மருந்தைக் குறை சொல்லவில்லை. அதைச் சாப்பிடும் விதத்தைத்தான் சொல்கிறேன்.

இதில் இருக்கும் சென்னோசைடு சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் அப்படியே பெருங்குடலுக்கு இறங்கும். அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்த பிறகுதான் அது குடல் சுவரைத் தூண்டி நெளிய வைக்கும், உள்ளே தண்ணீரையும் நீரில் கரைந்த உப்புகளையும் வரவழைக்கும். அதனால்தான் இரவு எடுத்தால் விடிகாலையில் வேலை, 6 முதல் 12 மணி நேரம். இது தெரியாமல் சாயங்காலம் ஒரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, பத்து மணி வரை ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னொரு ஸ்பூன் சாப்பிடுகிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு இரண்டும் சேர்ந்து வேலையைக் காட்டும்போது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நிலாவாரையின் முதல் பக்கவிளைவு இந்த முறுக்குவலி, அடுத்தது தண்ணீராகப் போவது. அளவு கூடக் கூட இரண்டும் கூடும்.

பொடிக்கும் மாத்திரைக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான். மாத்திரை அட்டையில் சென்னோசைடு எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும், ஒன்று போதவில்லை என்றால் எவ்வளவு கூட்டுகிறோம் என்று தெரிந்து கூட்டலாம். பொடியில் ஒரு ஸ்பூன் என்பது உங்கள் வீட்டு ஸ்பூன், தலைதட்டியதா குவித்ததா என்பது உங்கள் கை, இலையில் சத்து எவ்வளவு என்பது அந்த மூட்டை. மூலிகை வேண்டும் என்கிறவர்களிடம் நான் சொல்வது, மாத்திரையும் மூலிகைதான், அளந்த மூலிகை.

ஒரு தகவல், முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயப்பட மாட்டீர்கள்: இதைச் சாப்பிடும்போது சிறுநீர் மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ மாறலாம். ரத்தம் போகிறது என்று பதறிக்கொண்டு ஓடி வந்தவர்கள் உண்டு. மருந்தின் சாயம்தான், நிறுத்தினால் சரியாகிவிடும், ஆகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்குக் கொலோனோஸ்கோப்பி (கேமரா குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) பார்த்தால் பெருங்குடல் உட்பக்கம் பழுப்பாகவும் கறுப்பாகவும் படிந்திருக்கும். பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர அதனால் கெடுதல் இல்லை, நிறுத்திச் சில மாதங்களில் மறையும்.

நிஜமான சிக்கல் வேறு. நிலாவாரை வழக்கமாகப் போகிற அளவைவிட அதிகமாகவே பெருங்குடலைக் காலி செய்துவிடும். காலியான டேங்க் மறுபடி நிரம்ப வேண்டும், அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அடுத்த நாள் போகவில்லை என்றதும், "பாத்தீங்களா, மருந்து சாப்பிடலேன்னா எனக்குப் போகவே மாட்டேங்குது" என்று மறுபடி ஒரு ஸ்பூன். மறுபடி காலி. இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், மருந்து இல்லாமல் தன் வயிறு வேலை செய்யாது என்று சத்தியமே செய்வார்கள். குடல் சோம்பேறியாகிவிடும், நரம்பு செத்துவிடும் என்று பழைய புத்தகங்களில் பயமுறுத்துவார்கள், சரியான அளவில் எடுப்பவர்களுக்கு அப்படி ஆகிறது என்பதற்கு இன்று உறுதியான ஆதாரம் இல்லை. இந்தச் சுழல் மட்டும் நிஜம், அளவு மீறி எடுத்தால் பொட்டாசியம் இறங்குவதும் நிஜம். நீர் பிரிய ஃப்ரூசெமைடு மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்கள், இதயத்துக்கு டிகாக்ஸின் சாப்பிடுபவர்கள் இதைத் தானாக எடுக்கவே கூடாது, பொட்டாசியம் இறங்கினால் அவர்களுக்கு வயிறு ஒரு பிரச்சனையே இல்லை, இதயத் துடிப்புதான் பிரச்சனை.

தானாக எடுத்தால் ஒரு வாரத்துக்கு மேல் போகாதீர்கள், 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். பிரிட்டனில் 2020ல் சாதாரணக் கடைகளில் விற்கும் இந்த வகை மாத்திரைப் பெட்டிகளை 20 மாத்திரைக்குள் சுருக்கிவிட்டார்கள், எடை குறைக்க வாங்கி விழுங்குகிறவர்கள் பெருகியதும் ஒரு காரணம். எடையும் குறையாது, ஏனென்றால் சாப்பாட்டின் சத்தெல்லாம் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்ட பிறகுதான் நிலாவாரைக்கு வேலை. இறங்குவது தண்ணீர் எடை. இளைக்க வைக்கும் டீ குடித்து இரண்டு கிலோ குறைந்தேன் என்பவர்கள் மறுநாள் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு எடை பார்க்கட்டும்.

திரிபலா

கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய். மாலையில் கடுக்காய் என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்லிவருவதால் இதற்கு ஒரு மரியாதை உண்டு, எனக்கும் உண்டு. கடுக்காய்க்கு அகம் நஞ்சு என்று கொட்டையை எடுத்துவிட்டுத்தான் இடிப்பார்கள், வீட்டில் இடிப்பவர்கள் இதை விட்டுவிடக் கூடாது.

மூன்றில் மிதமானது இதுதான். அரை ஸ்பூனில் ஆரம்பித்து இரவில் வெந்நீரில் எடுத்தால் பெரும்பாலோருக்கு முறுக்கு வராது, இளக்கமாகப் போகும். கூட்டினால் வயிற்றுப் போக்கு, காற்று, லேசான வலி எல்லாம் உண்டு. ஆனால் இதன் குணத்தில் ஒரு முரண்டு இருக்கிறது. மலத்தை இளக்குவதும் இதில் இருக்கிறது, துவர்ப்பும் இதில் இருக்கிறது, துவர்ப்பு என்றால் டானின், அது பிடித்து நிறுத்துகிற வேலையைச் செய்யும். எனவே சிலருக்குக் குறைந்த அளவில் சாப்பிட்டால் ஒன்றும் நடக்காது, சிலருக்கு இன்னும் கட்டிக்கொள்ளும், கூட்டினால்தான் போகும். "இருக்கிறதும் அடைச்சுக்கிச்சே" என்று அடிக்க வராத குறையாக வருகிறவர்களை அதற்காகப் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க முடியாது. இதைப் பற்றிய ஆராய்ச்சிகள் உண்டு, எல்லாம் சின்னச் சின்னவை, இசப்கோலுக்கோ சென்னாவுக்கோ இருக்கிற அளவு சான்று இதற்கு இன்னும் சேரவில்லை.

வெறும் வயிற்றில் எடுத்தால் நெல்லிக்காய்ப் புளிப்பு அல்சர், நெஞ்செரிச்சல் உள்ள சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும், அவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கட்டும், அப்போதும் எரிந்தால் விட்டுவிடட்டும். இரும்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள் இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டாம், டீயோடு இரும்பு மாத்திரை சாப்பிடக் கூடாது என்பதற்கும் இதே டானின்தான் காரணம். சர்க்கரை மாத்திரையோடு எடுக்கத் தொடங்கினால் சர்க்கரை கீழே இறங்குகிறதா என்று கவனியுங்கள். கர்ப்பமாக இருந்தால் கடுக்காய் சேர்ந்த எதுவும் வேண்டாம்.

அட்டையைத் திருப்பிப் பார்க்கிற வேலை

என்னைக் கேட்டால் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைவிட, தேர்ந்தெடுத்ததுதான் உண்மையில் உள்ளே இருக்கிறதா என்பது பெரிய கேள்வி. முன்பக்கம் திரிபலா படம், பச்சை இலை, "மென்மையான இயற்கை நிவாரணம்" என்று எழுத்து. பின்பக்கம் திருப்பினால் சோனாமுகி, ஸ்வர்ணபத்ரி, சனாய், மார்கண்டிகா என்று ஏதாவது ஒன்று இருக்கும். நான்கும் நிலாவாரைதான். லத்தீனில் போட்டிருந்தால் காசியா அங்குஸ்டிஃபோலியா அல்லது சென்னா அலெக்சாண்ட்ரினா என்று இருக்கும். ஹரீதகி என்றால் கடுக்காய், அதில் பயமில்லை. திரிவ்ருத் அல்லது நிசோத் என்று இருந்தால் சிவதை வேர், அது நிலாவாரையைப் போலவே பேதிக்குக் கொடுக்கிற சரக்கு. இரண்டும் சேர்ந்த பொடியும் சந்தையில் உண்டு. கூடவே கறுப்பு உப்பு, இந்துப்பு, சோடா என்று சேர்த்திருப்பார்கள், பிரஷர் உள்ளவர்கள் தினமும் சாப்பிட்டால் அந்த உப்பும் கணக்கில்தான் வரும்.

போன வருஷம் வரை இங்கே வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "நான் வெறும் திரிபலாதான் தம்பி சாப்பிடுறேன், அதுக்கே இந்த முறுக்கு முறுக்குது" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். அழுக்குத் துணிப்பையிலிருந்து எடுத்தார், மூடி ஓரமெல்லாம் பொடி அப்பியிருந்தது, உள்ளே ஒரு வளைந்த எவர்சில்வர் ஸ்பூன். லேபிளில் திரிபலாவுக்கு மேலே முதல் வரியிலேயே, எல்லாவற்றையும்விட அதிக அளவில் சோனாமுகி. அவர் திரிபலா சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டு ராத்திரிதோறும் நிலாவாரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரிபலா வயிற்றுக்கு ஆகாது என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார்.

லேபிளே இல்லாத பொட்டலம், பாட்டு வைத்து விற்கிற லேகியம், வாட்ஸாப்பில் வரும் "வைத்தியர் தயாரிப்பு", இவற்றை நான் தொடச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தெற்காசியக் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்து 2004ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 70ல் 14ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் உடம்பில் ஏறினால் என்ன ஆகும் தெரியுமா? வயிற்றுவலியும் மலச்சிக்கலும். எதற்காக வாங்கினோமோ அதே வியாதியை மருந்தே கொடுக்கும். ஆயுர்வேத, சித்த மருந்தாக விற்கிற பொருளில் தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும், உணவுச் சப்ளிமென்டாக விற்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுகூட இல்லாததைக் கையில் வாங்காதீர்கள். அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் சூரணங்கள் இலவசமாகவே கிடைக்கும், கூடவே ஒரு டாக்டர் நாடி பார்த்துக் கேள்வி கேட்டுக் கொடுப்பார், விளம்பரத்துக்குக் காசு கொடுப்பதைவிட அது மேல்.

மற்றவை, சுருக்கமாக

விளக்கெண்ணெய்: இரண்டிலிருந்து ஆறு மணி நேரத்தில் முழு பேதி, வலி உத்தரவாதம், சத்து இல்லாத உடம்புக்கு மயக்கமும் வரலாம். கர்ப்பிணிகளுக்குக் கருப்பைச் சுருக்கத்தைக் கிளப்பும். பாட்டி காலத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை கொடுத்ததை இன்று வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துக்கொள்வது பாட்டிக்கே பிடிக்காது.

கற்றாழை: உள்ளே இருக்கும் தெளிந்த சோற்றுக்கும், தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பாலுக்கும் வித்தியாசம் உண்டு. பேதியாக்குவது அந்த மஞ்சள் பால். அதனால்தான் சோற்றை ஏழு தடவை கழுவச் சொல்வார்கள். அமெரிக்க மருந்துத் துறை 2002ல் கற்றாழைப் பால் சேர்ந்த மலமிளக்கிகளைக் கடையில் விற்பதற்கான பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது, பாதுகாப்பானது என்று காட்டும் தகவலைத் தயாரிப்பாளர்கள் கொடுக்காததால். வீட்டில் அரைத்துக் குடித்து வயிறு கலங்கியவர்கள் பெரும்பாலும் கழுவும் வேலையைக் குறைத்தவர்கள்.

லாக்டுலோஸ் சிரப்: மலத்தை மென்மையாக்கும், சிறு குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் டாக்டர்கள் நிறைய எழுதுவது. ஆனால் பாக்டீரியா இதைப் புளிக்க வைக்கும், காற்றும் உப்பசமும் நிச்சயம்.

பாலிஎத்திலீன் கிளைகால் பொடி: பெயரைக் கேட்டால் பிளாஸ்டிக் கம்பெனி மாதிரி இருக்கும். ஆனால் உடம்பில் ஏறாமல் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடும், காற்றும் கம்மி, முறுக்கும் கம்மி. அமெரிக்காவின் இரண்டு குடல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2023ல் வெளியிட்ட வழிகாட்டியில் இதைப் பலமாகச் சிபாரிசு செய்கிறார்கள், நார்ச்சத்தையும் சென்னாவையும் அதற்கு ஒரு படி கீழே, நிபந்தனையோடு. மூலிகை தவிர வேறெதுவும் தொட மாட்டேன் என்கிறவர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்போது யாருக்கு எது?

உங்களுக்கு மலம் கட்டியாக, குறைவாக வருகிறது, தண்ணீர் ஓரளவு குடிக்கிறீர்கள், விழுங்குவதில் சிரமமில்லை என்றால் இசப்கோல், தண்ணீரில், குறைந்தது இரண்டு வாரம். மூலம் இருந்து முக்கினால் ரத்தம் வருகிறவர்களுக்கும் இதுவே, ஆனால் அந்த ரத்தம் மூலத்தால்தான் என்று ஒரு டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு.

ஏற்கனவே காற்றும் உப்பசமும் அதிகம் உள்ள வயிறு என்றால் இசப்கோல் பாதி ஸ்பூனுக்கு மேல் தாங்காமல் போகலாம். தரமான, வேறு எதுவும் கலக்காத திரிபலாவை அரை ஸ்பூன் முயன்று பாருங்கள், ஒத்துவராவிட்டால் கௌரவம் பார்க்காமல் டாக்டரிடம் பாலிஎத்திலீன் கிளைகாலைப் பற்றிக் கேளுங்கள். வலியோடு மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருகிற ஐபிஎஸ் (IBS) என்ற குடல் கோளாறு உள்ள வயிறாக இருந்தால் நிலாவாரைப் பக்கமே போகாதீர்கள், இருக்கிற வலியோடு அதன் முறுக்கும் சேர்ந்துகொள்ளும்.

பிரயாணம், கல்யாண வீட்டுச் சாப்பாடு, இரண்டு மூன்று நாளாக அடைத்துக்கொண்டது, இந்த மாதிரி எப்போதாவது வருவதற்கு நிலாவாரை நல்ல மருந்து, இரவு ஒரு மாத்திரை, அதோடு முடித்துக்கொள்ளுங்கள். வலிக்காக மார்பின் வகை மருந்து எடுப்பவர்களுக்கும் டாக்டர்களே இதைத் தினமும் எழுதுவார்கள், அது வேறு கணக்கு, அதைப் பார்த்து நீங்கள் எழுதிக்கொள்ளாதீர்கள்.

எழுந்து நடமாட முடியாத, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற பெரியவர்களுக்கு மூலிகைப் பொடி எதுவும் தானாக வேண்டாம். அவர்களுக்கு எது என்பதை அவர்களின் சிறுநீரகமும் இதயமும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வயிறு வீங்கி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் மூன்றில் எதையும் கொடுக்கக் கூடாது, குடல் அடைப்பாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, 50 வயதைத் தொடும்போது இதுவரை இல்லாத மலச்சிக்கல் புதிதாகத் தொடங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் பரிசோதனை, அப்புறம்தான் பொடி.

கடைசியாக, ஏற்கனவே ராத்திரிதோறும் நிலாவாரைப் பொடியில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு. ஒரேயடியாக நிறுத்தினால் நாலாம் நாள் பயந்துபோய்த் திரும்பவும் டப்பாவைத் திறப்பீர்கள், அதனால் முதல் வாரம் பொடியை விடாமல் அதோடு காலையில் ஒரு ஸ்பூன் இசப்கோல் தண்ணீரில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் நிலாவாரை ஒரு நாள் விட்டு ஒரு நாள், இசப்கோலை இரண்டு ஸ்பூனாக்குங்கள். அதற்கடுத்து வாரம் இரண்டு தடவை, பிறகு அவசரத்துக்கு மட்டும். நடுவில் இரண்டு மூன்று நாள் போகாமல் இருக்கும், அது வியாதி திரும்பியது அல்ல. காலைச் சாப்பாடு முடிந்த கால் மணி நேரத்துக்குள் கழிப்பறையில் போய் உட்காருங்கள், சாப்பிட்டவுடன்தான் பெருங்குடல் தானாக அசையும், வெஸ்டர்ன் டாய்லெட்டாக இருந்தால் காலுக்கு ஒரு குட்டை ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள். முழுதாக நாலு நாளுக்கு மேல் போகாவிட்டாலோ வலி வந்தாலோ மட்டும் டாக்டரிடம் போங்கள், போகும்போது அந்தப் பொடி டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், "ஏதோ மூலிகை சார்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது.